டென்னிஸ் பிள்ளைகளுக்குத் தீர்ப்புச் சொல்லவும் பழக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிகளுக்கு இடையிலான டென்னிஸ் போட்டி முடிவுகளை விளையாட்டுப் பக்கத்தில் ஒற்றை வரியில் போடுவீர்கள். யார் யாரை வென்றார், 6-4, 7-5, அவ்வளவுதான். இருக்கும் இடத்துக்கு அதுதான் முடியும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த எண்களில் சில எப்படி வந்தன என்பது கோர்ட் ஓரத்தில் நிற்கும் என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். நான் உடற்கல்வி ஆசிரியை. 14 ஆண்டுகளாகப் பள்ளி அணியைக் கூட்டிக்கொண்டு போட்டிகளுக்குப் போய் வருகிறேன். கடந்த பருவத்தில் நடந்த ஒன்றை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒற்றையர் ஆட்டத்தில் இருந்தாள். நடுவர் இல்லாத ஆட்டம், ஸ்கோரையும் அவுட்டையும் ஆடுபவர்களே சொல்ல வேண்டும். முதல் செட், ஆளுக்கு நான்கு கேம், 4-4. அவளுடைய சர்வ். நான்கு பாயிண்ட் முடிந்ததும் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே, “ஃபார்ட்டி ஃபிஃப்டீன்” என்றாள். வலைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் மட்டையைத் தாழ்த்தினாள். “இல்ல, தர்ட்டி ஆல்.” ஒரு கேமில் முதல் பாயிண்ட்டுக்கு 15, இரண்டாவதுக்கு 30, மூன்றாவதுக்கு 40 என்பது டென்னிஸ் கணக்கு; பூஜ்யம் ‘லவ்’, சமம் என்றால் ‘ஆல்’, சர்வ் போடுபவரின் எண் முதலில் வரும். அதாவது, இவள் கணக்கில் மூன்றுக்கு ஒன்று, அவள் கணக்கில் இரண்டுக்கு இரண்டு.

இரண்டு பேரும் வலைக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் துளிச் சந்தேகமும் இல்லை. ஒரு நிமிடத்துக்குள் வேலியோரம் பெரியவர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். இன்னொருவர், “விட்டுக் குடுக்காத!” என்று கத்தினார். போட்டியை நடத்தியவர் ஒரே ஆளாக நான்கு கோர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடி வந்தார், அரை நிமிடம் கேட்டார். “சரி, இந்த கேமையே முதல்ல இருந்து ஆடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கோர்ட்டுக்குப் போய்விட்டார். எங்கள் பெண் அந்த கேமை இழந்தாள், பிறகு செட்டையும் இழந்தாள். அந்த ஒரு முடிவால்தான் தோற்றாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜெயித்த பெண்ணின் முகத்திலும் சந்தோஷம் இல்லை. மிச்ச ஆட்டம் முழுக்க அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தேன். “யார் சொன்னது சரின்னு நான் கேக்கப் போறதில்ல. அந்த நாலு பாயிண்ட்டையும் வரிசையா சொல்லுங்க” என்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் பாயிண்ட்: எதிராளி திருப்பி அடித்தது வலையில் விழுந்தது. இருவருக்கும் சம்மதம். மூன்றாவது: எங்கள் பெண்ணின் டபுள் ஃபால்ட், அதாவது இரண்டு சர்வும் தவறி எதிராளிக்குப் போன பாயிண்ட். சம்மதம். நான்காவது: பக்கக் கோட்டை ஒட்டி எங்கள் பெண் அடித்த அடி, எதிராளிக்கு எட்டவே இல்லை. அதிலும் சம்மதம். இரண்டாவதில்தான் விஷயம் இருந்தது.

எங்கள் பெண் அடித்த பந்து எதிராளியின் பேஸ்லைன், அதாவது கோர்ட்டின் பின்கோட்டுப் பக்கம் ஆழமாகப் போய் விழுந்தது. அந்தப் பெண் அதை அவுட் என்று பார்த்தாள். இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கினாள், “அவுட்” என்றும் சொன்னாள். ஆனால் ஓட்டத்தில், மூச்சோடு மூச்சாக, தனக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். சொன்ன கையோடு பந்தை அடிக்கவும் செய்தாள். அது வலையில் விழுந்தது. எங்கள் பெண் கண்ணில் பட்டது வலையில் விழுந்த பந்து மட்டும்தான். திரும்பி அடுத்த பந்தை எடுக்கப் போய்விட்டாள். இவள் கணக்கில் அது இவள் பாயிண்ட், அவள் கணக்கில் அவள் பாயிண்ட். இரண்டு பேரில் யாரும் பொய் சொல்லவில்லை.

தப்பு இரண்டு இடத்தில் நடந்திருக்கிறது. அவுட் என்று சொன்னது மறுபக்கம் கேட்கவில்லை. அப்புறம், சர்வ் போடுகிற எங்கள் பெண் அடுத்த சர்வுக்கு முன்னால் ஸ்கோரைச் சொல்லவில்லை. “தர்ட்டி லவ்” என்று அவள் அப்போதே உரக்கச் சொல்லியிருந்தால், “இல்லையே, நான் அவுட் குடுத்தேனே” என்று பதில் உடனே வந்திருக்கும். பத்து வினாடிப் பழசான ஒரு பந்தைப் பற்றிய பேச்சாக அங்கேயே முடிந்திருக்கும். இன்னும் இரண்டு பாயிண்ட் தாண்டி, நான்காவதுக்குப் பிறகு அது வெடித்ததால், பந்தை விட்டுவிட்டு ஒருவர் நேர்மையை ஒருவர் சந்தேகிக்கும் சண்டையாக மாறிவிட்டது. இத்தனை ஆண்டில் நான் பார்த்த ஸ்கோர் சண்டைகளில் பெரும்பாலானவை இப்படிச் சொல்லாமல் விட்ட ஸ்கோரில்தான் தொடங்கின.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நடுவர் இல்லாத ஆட்டங்களை எப்படி நடத்துவது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. சர்வ் போடுபவர் ஒவ்வொரு முதல் சர்வுக்கு முன்னும் எதிராளிக்குக் கேட்கும்படி ஸ்கோரைச் சொல்ல வேண்டும். ஸ்கோரில் தகராறு வந்தால், இருவரும் ஒத்துக்கொள்ளும் பாயிண்ட் எல்லாம் அப்படியே நிற்கும். ஒத்துக்கொள்ளாதது மட்டும் கணக்கில் சேராது. எங்கள் ஆட்டத்தில் ஒத்துக்கொண்டவை எங்கள் பெண்ணுக்கு இரண்டு, எதிராளிக்கு ஒன்று. ஆகவே 30-15 என்று வைத்துக்கொண்டு, இடது பக்கத்திலிருந்து சர்வ் போட்டு ஆட்டம் தொடர்ந்திருக்க வேண்டும். கேமை முதலில் இருந்து ஆடச் சொன்னதில் எந்தத் தகராறும் இல்லாத மூன்று பாயிண்ட்டுகள் அழிந்துபோயின. இரண்டு பேரும் வியர்வை சிந்தி எடுத்த பாயிண்ட் அவை. போட்டியை நடத்தியவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. முறை என்னவென்று அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கேம் கணக்கில் தகராறு வந்தாலும் இதேதான். ஒருவர் 4-3 என்கிறார், மற்றவர் 3-4 என்கிறார், ஏதோ ஒரு கேம் யாருக்கு என்பதில் மட்டும்தான் வித்தியாசம் என்றால், 3-3 இலிருந்து தொடர வேண்டும். கடைசி கேமில் சர்வை எதிர்கொண்டவர் அடுத்து சர்வ் போடுவார்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற ஒரு சின்னக் கணக்கும் உண்டு. எந்தப் பக்கம் நின்று சர்வ் போடுகிறோம் என்பதே பாதி ஸ்கோரைச் சொல்லிவிடும். ஆடிய பாயிண்ட்டுகளின் கூட்டு இரட்டைப்படை என்றால் வலது பக்கம், ஒற்றைப்படை என்றால் இடது பக்கம். ஒருவர் 30-15 என்றும் மற்றவர் 30-30 என்றும் சொன்னால், கடைசியாக எந்தப் பக்கத்திலிருந்து சர்வ் போட்டோம் என்று நினைவுபடுத்திக்கொண்டாலே விடை கிடைத்துவிடும். கேமிலும் அப்படித்தான். கூட்டு ஒற்றைப்படையாகும்போதுதான் வலைக்கு மறுபக்கம் மாறுகிறோம், சர்வும் ஒன்றுவிட்டு ஒன்று மாறுகிறது. 40-15, 30-30 போல இரண்டு கூட்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் இது உதவாது. அப்போது பெஞ்சில் நாங்கள் செய்த மாதிரி வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டியதுதான்.

இனி கோட்டுக்கு வருகிறேன். பெரிய மனக்கசப்பெல்லாம் அங்கேதான்.

நடுவர் இல்லாத ஆட்டத்தில் அவரவர் பக்கத்துக் கோடுகளுக்கு அவரவரே நீதிபதி. அதாவது, எந்தப் பந்து வெளியே போனால் தனக்கு லாபமோ அந்தப் பந்துக்குத் தானே தீர்ப்புச் சொல்ல வேண்டும். 13 வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுக்கிறோம். ஃபோர்ஹேண்டுக்கு நூறு மணி நேரம் பயிற்சி கொடுக்கிறோம். இதற்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறோம்? என்னையே கேட்டுக்கொண்டேன். முதல் ஐந்தாறு ஆண்டுகள் நான் ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. “நேர்மையா ஆடுங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவேன். சொன்ன எனக்கு நிம்மதியாக இருந்தது, கேட்ட பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இப்போது ஒரு பயிற்சி செய்கிறேன். பேஸ்லைனுக்கு வெளியே ஒரு பந்தை வைப்பேன். பந்தின் அடி தரையைத் தொடும் இடத்துக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கும்படி வைப்பேன். பிள்ளைகளை நின்றபடியே மேலிருந்து பார்க்கச் சொல்வேன். பந்தின் விட்டம் ஆறரை சென்டிமீட்டருக்கு மேல். அதனால் அதன் வயிறு கோட்டின் விளிம்பு வரை நீண்டு நிற்கும். “கோட்டைத் தொடுது மிஸ், உள்ளதான்” என்பார்கள். அப்புறம் தரையில் படுத்து, கன்னம் தரையில் பட, கோட்டின் நீளவாக்கில் பார்க்கச் சொல்வேன். இடைவெளி பளிச்சென்று தெரியும். நிற்கிற பந்துக்கே கண் இப்படி ஏமாறுகிறது. வேகமாக வரும் பந்து தரையில் நசுங்கி, கொஞ்சம் வழுக்கிக்கொண்டும் போகும். அதை ஓடிக்கொண்டே, தலை ஆட ஆடப் பார்க்கிறோம். கண் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் உறைக்கும்.

அதன் பிறகு விதியைச் சொன்னால் மனதில் நிற்கிறது. கோட்டில் துளி பட்டாலும் பந்து உள்ளே. கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே இடைவெளியைக் கண்ணால் பார்த்தால் மட்டுமே அவுட். பார்க்கவில்லை, சரியாகத் தெரியவில்லை, சூரியன் கண்ணில் அடித்தது, இந்த எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு, உள்ளே. சந்தேகத்தின் பலன் எப்போதும் எதிராளிக்குத்தான். “தெரியல, திருப்பி ஆடலாமா?” என்று கேட்பதைப் பல பிள்ளைகள் பெருந்தன்மை என்று நினைக்கிறார்கள். இல்லை. தெரியவில்லை என்றால் அந்தப் பாயிண்ட் எதிராளியுடையது.

சொல்லும் நேரமும் முக்கியம். பந்து விழுந்த உடனே, உரக்க, கையையும் காட்டிச் சொல்ல வேண்டும். என்னை மிகவும் சங்கடப்படுத்துவது ஒரு காட்சி: சர்வ் வருகிறது, பிள்ளை அதை அடிக்கிறான், அடித்த பந்து வலையில் விழுவதைப் பார்க்கிறான், அப்புறம்தான் “ஃபால்ட்” என்கிறான். சில சமயம் அந்த சர்வ் உண்மையிலேயே வெளியே போயிருக்கும். ஆனால் தன் அடி எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்வதை எதிராளி எப்படி நம்புவான்? அடுத்த கேமிலேயே அவனும் கோட்டில் விழுந்த பந்துக்கு அவுட் கொடுப்பான். பதிலுக்குப் பதில் தொடங்கிவிட்டால் அந்த ஆட்டத்தில் டென்னிஸ் மிஞ்சாது.

சொன்னது தப்பு என்று பட்டால் மாற்றிச் சொல்லலாம். அதற்கும் விதி இருக்கிறது. அவுட் என்று சொல்லிவிட்டு உள்ளேதான் என்று உணர்ந்தால், அந்தப் பாயிண்ட்டைத் திருப்பி ஆட வேண்டும். ஆனால் அது எப்படியும் ஜெயிக்க வேண்டிய அடியாக இருந்தாலோ, அதே ஆட்டத்தில் அவர் முன்பே ஒரு முறை தப்பாக அவுட் கொடுத்திருந்தாலோ, பாயிண்ட் எதிராளிக்குப் போய்விடும். மாற்றிச் சொல்வதற்கு இப்படி ஒரு கதவு இருக்கிறது என்றே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டதே என்று பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இரட்டையரில் ஒருவர் அவுட் என்று சொல்லி, கூட்டாளி உள்ளே என்று பார்த்திருந்தால், அது உள்ளேதான். இருவருக்குள்ளேயே சந்தேகம் வந்துவிட்டதே. சர்வை எதிர்கொள்பவரின் கூட்டாளி சர்வீஸ் கோட்டுக்கு நேராக நிற்பதால், சர்வ் அந்தக் கோட்டைத் தாண்டி விழுகிறதா என்று அவர் பார்ப்பது நல்லது. கோட்டைக் குறுக்கே பார்ப்பவரைவிட நீளவாக்கில் பார்ப்பவர் கண்ணுக்குத்தான் தெளிவாகத் தெரியும்.

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ள வேண்டாம். வேலிக்கு வெளியே நிற்கும் நமக்கு அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல எந்த உரிமையும் இல்லை. ஆட்டக்காரர் பார்வையாளரிடம் கேட்டு முடிவு செய்யவும் கூடாது. நாம் நிற்கும் கோணத்திலிருந்து பார்த்தால் தெரிவதும் பெரும்பாலும் தப்பு. நானே ஒருமுறை, என் பிள்ளை தோற்கும் நிலையில் இருந்தபோது, “பால் உள்ள விழுந்துச்சு!” என்று கத்திவிட்டேன். எதிர்ப்பக்கப் பையன் திரும்பி என்னைப் பார்த்தான். ஓர் ஆசிரியை தன்னைப் பொய்யன் என்கிறார் என்றுதான் அவனுக்குப் பட்டிருக்கும். 12 வயது இருக்கும். ஆட்டம் முடிந்ததும் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மிஸ்” என்றான். ஆனால் அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதற்கெல்லாம் கைப்பேசி வீடியோ போதுமே என்று ஒரு பயிற்சியாளர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேலிக் கம்பிக்கு நடுவிலிருந்து எடுத்த படத்தில் பந்து கோட்டைத் தொட்டதா என்று பார்க்கவே முடியாது. அதைப் பெரிதாக்கி, சிறிதாக்கிப் பத்துப் பேர் பார்த்தால் பத்துத் தீர்ப்பு வரும். பெரிய இடத்திலேயே என்ன நடந்தது? விம்பிள்டன் 2025 இல் கோட்டு நடுவர்களை முழுவதுமாக எடுத்துவிட்டு மின்னணு முறைக்கு மாறினார்கள். அந்த ஆண்டே சோனே கார்ட்டல், அனஸ்தாசியா பாவ்லியுசென்கோவா ஆட்டத்தில், கோர்ட்டின் ஒரு பகுதியில் அந்தக் கருவி தவறுதலாக நிறுத்தப்பட்டிருந்தது. வெளியே போன பந்துக்குக் குரல் வரவில்லை. கடைசியில் நடுவர் அந்தப் பாயிண்ட்டைத் திருப்பி ஆடச் சொன்னார். ஸ்கோருக்கும் இதே விம்பிள்டனில் உதாரணம் உண்டு. 2004 இல் வீனஸ் வில்லியம்ஸ், கரோலினா ஸ்ப்ரெம் ஆட்டத்தின் இரண்டாம் செட் டை-பிரேக்கில் (6-6 ஆனபின் செட்டை முடிவு செய்யும் கேம்), நாற்காலி நடுவரே தவறிப்போய் ஸ்ப்ரெமுக்கு ஒரு பாயிண்ட் கூடுதலாகச் சொல்லிவிட்டார். அது திருத்தப்படவே இல்லை, ஆட்டம் அப்படியே முடிந்தது. ஸ்கோரைச் சொல்வதற்கென்றே ஓர் ஆள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே இப்படி என்றால், ஓடி ஆடி மூச்சு வாங்கும் பிள்ளை மறப்பதற்கு ஏமாற்று என்று பெயர் வைக்கலாமா?

பயிற்சியின்போது அமெரிக்க ஆட்டக்காரர் ஆண்டி ராடிக்கின் கதையைச் சொல்வேன். 2005, ரோம், செம்மண் கோர்ட். ஃபெர்னாண்டோ வெர்டாஸ்கோவுக்கு எதிராக ராடிக்கின் கையில் மூன்று மேட்ச் பாயிண்ட், அதில் ஒன்றை எடுத்தாலே ஆட்டம் அவருடையது. வெர்டாஸ்கோவின் இரண்டாவது சர்வை அவுட் என்று கொடுத்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்த மாதிரிதான். ராடிக் பந்தின் தடத்தைக் காட்டி, கோட்டில் பட்டிருக்கிறது என்று தானே சொன்னார். ஆட்டம் தொடர்ந்தது, வெர்டாஸ்கோ ஜெயித்தார். இதைச் சொன்னபோது ஒரு பையன் கேட்டான்: “அப்ப தோத்துட்டாரே மிஸ்?” ஆமாம், தோற்றார் என்றேன். அதை மறைத்து, நேர்மையாக இருந்தால் ஜெயிக்கலாம் என்று சொல்லிக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. அந்தப் பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “தடம் இருந்துச்சுல்ல, அப்புறம் வேற என்ன சொல்ல முடியும்” என்றான்.

போட்டி நடத்துபவர்களிடம் கேட்பது அதிகமில்லை. முதல் ஆட்டத்துக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி, 15 நிமிடம் இந்த முறைகளை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். வலைக் கம்பத்தில் புரட்டும் ஸ்கோர் அட்டையைத் தொங்கவிட்டு, பக்கம் மாறும்போதெல்லாம் பிள்ளைகளே அதைத் திருப்பட்டும். பாதிக் கேம் தகராறுகள் அதிலேயே ஒழியும். கூப்பிட்டதும் வரும் ரெஃபரி, அதாவது போட்டியின் தலைமைப் பொறுப்பாளர், தான் பார்க்காத பந்துக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. “நீ சொன்னதில் உறுதியா?” என்று கேட்டுவிட்டு, முடிந்தால் சில கேம் அங்கேயே நிற்கட்டும். பக்கத்தில் ஒருவர் நிற்பதாலேயே பிள்ளைகள் உரக்கச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முக்கியமாக, எந்தப் பிள்ளையும் ரெஃபரியைக் கூப்பிடத் தயங்கக் கூடாது. கூப்பிடுவது புகார் சொல்வது ஆகாது என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். நடுவர் இல்லாத ஆட்டங்களுக்கான இந்த விதிகளைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரு நாள் விளையாட்டுப் பக்கத்தில் கால் பக்கமாவது போடுங்கள். வந்தால் அதை வெட்டி, லேமினேட் செய்து, எங்கள் கோர்ட் வேலியில் பிள்ளைகள் உயரத்துக்கும் பெற்றோர் நிற்கும் பக்கத்துக்கும் ஒவ்வொன்றாகக் கட்டிவிடுவேன். அடுத்த போட்டிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அந்த இரண்டு பெண்களும் அதில் ஆடுகிறார்கள்.

இப்படிக்கு,
பள்ளி உடற்கல்வி ஆசிரியை ஒருவர்